நாலு விரற்கடை

பாலுசாமிக்கு எதுவும் தொங்கக் கூடாது. கொடியில் காயும் சேலை ஒரு பக்கம் இறங்கியிருந்தால் போகிற போக்கில் இழுத்துச் சமன் செய்துவிட்டுத்தான் போவான். கட்டுக்கயிற்றில் மீதி வாலாகக் கிடந்தால் அரிவாளை எடுத்து நறுக்கிப் போடுவான்; மறுநாள் கயிறு எட்டாமல் எருமை தண்ணித்தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்று கத்திக்கொண்டிருக்கும். பெண்டாட்டி தெய்வாத்தாள் இதையெல்லாம் வீட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பத்து வருசமாக அது சிரிக்கிற விசயமாகத்தான் இருந்தது. மாசாணத்தின் சைக்கிளில் கை வைத்த பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கரட்டுப்பாளையத்தில் பாலுசாமியும் ஒரு கவுண்டன்தான். அப்பன் விட்டுப்போன நாலு ஏக்கரும் ஒரு கிணறும் இருந்தன. கிணறு வற்றியது, பருத்தி விலை படுத்தது, நிலம் கை மாறியது. வேறொருத்தனாக இருந்தால் மச்சான் பண்ணையத்தில் போய் ஒட்டிக்கொண்டு மீசையை முறுக்கியபடி காலத்தைத் தள்ளியிருப்பான். மச்சான் என்றால் சாமானியப்பட்டவர் இல்லை. தெய்வாத்தாளின் கூடப்பிறந்த அண்ணன் திருமலைசாமிக் கவுண்டர், ஊருக்கே பெரியதனக்காரர். ஆனால் பாலுசாமிக்கு ரோசம் மூக்குக்கு மேலே. கோயமுத்தூருக்குப் போய் உமர் பாரூக் என்கிற சாயபுவின் சைக்கிள் கடையில் ஒன்றரை வருசம் கிடந்து வேலை கற்றுக்கொண்டு வந்தான். பாலக்காட்டு ரோட்டில் ஊருக்குப் பிரிகிற முக்கில் ஓலைக்கொட்டகை போட்டுக் கடை வைத்தான். ஏர் பிடிக்கிற காராளன் கையில் கிரீஸா என்று பங்காளிகள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மதுக்கரையில் சிமிட்டி ஆலை வந்து, அந்த ரோட்டில் சைக்கிள்கள் போக வர ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் வாய் அடங்கிற்று.

உமர் பாரூக் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றை பாலுசாமி ஒருநாளும் விட்டதில்லை. ரிப்பேர் முடிந்த சைக்கிளில் தானே ஏறி, பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்த பிறகுதான் சொந்தக்காரன் கையில் கொடுப்பான். மரக்கடைக்காரர் சைக்கிளோ, தபால்காரர் சைக்கிளோ, எல்லாவற்றுக்கும் அதே பாலம், அதே சவாரி. ஏறி உட்கார்ந்தால்தானே வண்டியின் சீக்கு தெரியும்?

மாசாணம் தெக்கு வளவைச் சேர்ந்தவன். பண்ணையாட்கள் குடியிருந்த வளவு ஊருக்குத் தெற்கே, கவுண்டர் வீதியைத் தாண்டி இருந்தது. அப்பன், பாட்டன் எல்லாம் திருமலைசாமிக் கவுண்டர் காட்டில் பண்ணையத்தில் இருந்தவர்கள். இவன்தான் மண்வெட்டியை வைத்துவிட்டு ஆலையின் சுண்ணாம்புக்கல் குழிக்குப் போனான். அங்கே ஒரு வெள்ளைக்கார ஓவர்சீயர் சீமைக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய சைக்கிளை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். வளவுக்கு வந்த முதல் சைக்கிள் அது. ஊருக்குள்ளேயே அன்றைக்கு மூன்றுதான் இருந்தன. கண்கள் எரிந்திருக்காதா?

எரிந்தன. ஆனால் குற்றம் சொல்ல மாசாணம் இடம் வைக்கவில்லை. ஆலையிலிருந்து வருகிறவன் ஏரிக்கரை மேட்டில் செருப்பைக் கழற்றி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொள்வான். மேட்டிலிருந்து வீதி வரைக்கும் நல்ல இறக்கம். இறக்கத்தின் அடியில், வீதி துவங்குகிற இடத்தில் ஓர் எல்லைக்கல் நின்றது. அந்தக் கல்லுக்கு முன்னால் பிரேக் பிடித்து இறங்குவான். வெறுங்காலோடு, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வீதி நெடுக வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். வளவு எல்லையில் மறுபடி ஏறுவான். வளவு ஆட்களுக்கு ஊர் வைத்திருந்த சட்டம் அது. சட்டம் எழுதினவன் எவனும் அந்த இறக்கத்தில் சைக்கிள் விட்டவன் இல்லை.

அந்தச் சீமை சைக்கிளில் ஒரு வம்பு இருந்தது. இந்தப் பக்கத்துச் சைக்கிள்களுக்கெல்லாம் இரும்புக்கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பி இழுக்கும், ரப்பர் வைத்த கட்டை ரிம்மைப் பிடிக்கும். இதற்கோ மெல்லிய ஒயர். ஒயருக்கு மேலே சுருள்கம்பியால் ஆன ஓர் உறை. உறை அசையாமல் நின்றால்தான் உள்ளே ஒயர் ஓடித் திரும்பும். பின் பிரேக் ஓவர்சீயர் காலத்திலேயே அறுந்து கழற்றிப் போட்டாயிற்று. முன் பிரேக் ஒன்றுதான் மிச்சம். வைகாசியில் அதன் ஒயரும் அறுந்தது.

பாலுசாமி கோயமுத்தூருக்கு ஆள் சொல்லிவிட்டு ஒயரும் உறையும் தருவித்தான். இப்படிப்பட்ட பிரேக்கை அவன் அதுவரைக்கும் தொட்டதில்லை. அதைச் சொன்னால் கவுரவம் என்ன ஆவது? சொல்லவில்லை. புதிய உறையைப் பூட்டிப் பார்த்தான். ஹேண்டில் பாரிலிருந்து வளைந்து வயிறு தள்ளித் தொங்கிற்று. ஹேண்டில் பார் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும், அதற்குத்தான் அந்த வளைவு என்று அவனுக்குத் தெரியவில்லை. தொங்குகிறதைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? உளியை வைத்து நாலு விரற்கடை நறுக்கினான். வெட்டிய முனை உள்பக்கமாக மடங்கியது. அரம் போட்டுத் தேய்க்கவில்லை. முனைக்கு வைக்க வந்த பித்தளைத் தொப்பி அதனால் ஏறவில்லை. அதைத் தூக்கித் தகரடப்பாவில் போட்டான். உறை இப்போது கோடு கிழித்தது மாதிரி நேராக நின்றது. பார்க்க வெகு லட்சணம்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டான். ஹேண்டில் பார் நேராக இருக்க, சக்கரம் தடங்கல் இல்லாமல் சுற்றிற்று. பிரேக்கை அழுத்தினான், நின்றது. அவ்வளவுதான். பாலம் வரைக்கும் போய் வரவில்லை. மாசாணம் உட்காரும் சீட்டில் ஒரு கவுண்டன் எப்படி உட்காருவது? கையால் தொட்டான், முறுக்கினான், துடைத்தான். அதற்கெல்லாம் பெரிய தீட்டு இல்லை. வீட்டுக்குப் போகும்போது கைகாலை அலம்பித் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தீர்ந்தது. ஏறி உட்கார்ந்தால்தான் தீராது. இந்தக் கணக்கெல்லாம் எவன் போட்டானோ!

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று புறப்பட்டு, ரோட்டுப் புழுதியைக் கூரைக்குமேல் கிளப்பிக்கொண்டு வந்தது. ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் மாசாணம் கடைக்கு முன்னால் எட்ட நின்று, வண்டி நெம்பக் கனமாகப் போகிறது, பெடல் மிதித்துத் தொடை விட்டுப்போகிறது, என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றான். மேற்கே போகிறவனுக்கு எதிர்க்காற்று, கனமாக இல்லாமல் என்ன செய்யும் என்று பாலுசாமி சிரித்தான். அச்சுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான், காற்றடித்துக் கொடுத்தான். அன்றைக்காவது ஏறிப் பார்த்திருந்தால் பத்து மிதிக்குள் தெரிந்திருக்கும். ஹேண்டில் பார் திரும்புகிறபோதெல்லாம் குட்டையான உறை இழுபட்டது, மடங்கிய முனை ஒயரைக் கவ்விக்கொண்டது, ஒயர் திரும்பவில்லை, கட்டை ரிம்மை விடாமல் உரசிக்கொண்டே இருந்தது. பிடிக்காதபோதும் பிரேக் பிடித்துக்கொண்டுதான் வந்தது. காற்று மேல் பழியைப் போட்டுவிட்டு மாசாணமும் மிதித்துக்கொண்டிருந்தான். கட்டையிலிருந்த ரப்பர் நாளொரு சுரண்டலாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆடி பதினெட்டு கழிந்த மூன்றாம் நாள் காலையில் பாலுசாமி மச்சான் வீட்டு வாசலில் நின்றிருந்தான். மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. ஆவணியில் நாள் கேட்க வந்திருந்தான். திருமலைசாமிக் கவுண்டர் வேப்பமரத்தடியில் மணைமேல் உட்கார்ந்திருந்தார். நாவிதன் சின்னான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். அப்போதுதான் மேட்டுப் பக்கமிருந்து இரும்பு இழுபடுகிற ஓசை கேட்டது.

மாசாணம் ராத்திரி வேலை முடிந்து வருகிறான். இறக்கத்தில் காற்று முதுகைத் தள்ள, எல்லைக்கல்லைத் தாண்டி, வீதிக்குள் சைக்கிள்மேல் உட்கார்ந்தபடியே வந்தான். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, வழி விடுங்க சாமி, பிரேக்குப் புடிக்கலீங்க சாமி என்று கத்திக்கொண்டு வந்தான். கோழிகள் பறந்தன. சின்னான் திடுக்கிட்டுத் திரும்பினான். கத்தி கவுண்டரின் கன்னத்தில் இழுத்துவிட்டது. வீதிக் கடைசியில் கல்தொட்டியில் மோதி மாசாணம் குப்புற விழுந்தான். கவுண்டர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கையெல்லாம் ரத்தம்.

புடிச்சுக் கட்டுங்கடா என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

கயிறு வந்தது. சாவடிக்கு முன்னாலிருந்த புளியமரத்தில் மாசாணத்தைக் கட்டினார்கள். சைக்கிளைச் சாவடிச் சுவரில் சாய்த்தார்கள். சாயங்காலம் ஆட்கள் காட்டிலிருந்து திரும்பியதும் ஊர் கூடும் என்றும், புளியம் விளாறால் இருபத்தொரு அடி அடித்து, குடும்பத்தோடு வளவை விட்டே துரத்துவது என்றும் கவுண்டரின் பங்காளி அங்கப்பன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டான். கவுண்டர் வீதியில் சைக்கிள் சவாரியா, ஆலைக் காசு கொடுத்த திமிரு என்று நல்லவர்கள்கூடச் சொன்னார்கள். பாலுசாமியும் தலையை ஆட்டிவிட்டுத்தான் கடைக்குப் போனான். பாவி, அப்படித்தான் செய்தான்.

உச்சி வேளைக்கு மாசாணத்தின் பெண்டாட்டி பழனியாத்தாள் கடைக்கு வந்தாள். மூன்று மைல் வெயிலில் நடந்து வந்திருந்தாள். ரோட்டோரத்தில் நின்று கும்பிட்டாள்.

"சாமி, பிரேக்குப் புடிக்கலைன்னு அவரு கத்துனது ஆரு காதுலயும் உழுகலீங்க. காலெல்லாம் தோலு உரிஞ்சு கெடக்குதுங்க. செருப்பைக் கோட மேட்டுலயே கழட்டி மாட்டிக்கிட்டுத்தானுங்க வந்திருக்கறாரு. திமிரெடுத்தவன் செருப்பைக் கழட்டுவானுங்களா? நீங்க வண்டியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்குமுங்க. தண்ணி குடுக்கறதுக்குக் கோட உடமாட்டேங்கறாங்க சாமி."

பார்க்கிறேன் போ என்றான் பாலுசாமி. அவள் போகவில்லை. அவன் எழுந்து நடந்த பிறகுதான், பத்தடி பின்னால் விட்டு அவளும் நடந்தாள்.

சாவடியில் காவலுக்கு இருந்த ஒருத்தனைத் தவிர ஆள் இல்லை. பாலுசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன் சக்கரத்தைப் பார்த்தான். கட்டையில் ரப்பர் என்று பேருக்கு ஒரு நூல்கூட இல்லை. இரும்புக்கூடு ரிம்மில் உரசி உரசிக் கண்ணாடியாக மின்னிற்று. இரண்டு மாதத்தில் ஒரு கட்டை இப்படியா தேயும்? இரண்டு வருசம் வருகிற கட்டை ஆயிற்றே. ஹேண்டில் பாரை இடது பக்கம் திருப்பினான். உறை விறைத்தது, முனை தன் குழியிலிருந்து எகிறி வெளியே வந்தது, கட்டை தானாகப் போய் ரிம்மில் ஒட்டிக்கொண்டது. திருப்பி நேராக்கினான். கட்டை ஒட்டியபடியே இருந்தது. முனையில் உளி வெட்டிய இடம் அப்படியே தெரிந்தது. அவனுடைய உளி, அவனுடைய வெட்டு.

நிமிர்ந்தபோது புளியமரம் தெரிந்தது. மாசாணம் தலையைத் தொங்கவிட்டு நின்றிருந்தான். இவனைப் பார்த்து, பிரேக்கைப் பாத்தீங்களா சாமி என்று கேட்டான். குரல் வறண்டு கிடந்தது. பாலுசாமி நேரே வீட்டுக்குப் போனான்.

தெய்வாத்தாள் சோளச்சோற்றில் கொள்ளுச்சாறு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. கேட்டுக் கேட்டு விசயத்தை வாங்கிவிட்டாள். சாற்றுக் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஏனுங்க, ஆருக்குத் தெரியுமுங்க இது?"

"எனக்குத் தெரியும்."

"கட்டை தேஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லிப்போட்டு வந்துருங்களே. வெட்டுனது கிட்டுனதெல்லாம் எதுக்குங்க?"

"தேஞ்ச கட்டையோட ஏன் ஏறுனேன்னு கேப்பாங்க அம்மணி. அவன் வந்து சொன்னான், நாந்தான் காத்துன்னு சொல்லி அனுப்பிச்சேன். அதைச் சொல்லாம எதைச் சொல்றது?"

தெய்வாத்தாள் எதிரே உட்கார்ந்தாள். அவள் கெட்டவள் இல்லை. பழனியாத்தாள் பிள்ளை பெற்ற நேரத்தில் வேலிக்கு வெளியே நின்று அவளுக்குக் கருப்பட்டியும் எண்ணெயும் கொடுத்தவள். ஆனால் இது வேறு. அண்ணன் முகத்தில் ரத்தம் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் தன் புருசன்தான் என்று ஊர் நடுவில் சொன்னால் அண்ணன் மடியை எப்படிக் கொடுப்பார்? மகள் காது மூளியாகவா நிற்பது? கடைக்குத்தான் எவன் வருவான், இவன் தொட்ட பிரேக் பிடிக்காது என்று ஆன பிறகு? இதையெல்லாம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் பாலுசாமிக்குத் தாங்கவில்லை. அவள் பொய்யாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பான்.

"இருவத்தொரு விளாறு," என்றான். "பாதியிலேயே செத்துப்போவான் தெய்வா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எருமைக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

பொழுது சாய ஊர் கூடியது. சாவடிக்கு முன்னால் கயிற்றுக்கட்டிலில் திருமலைசாமிக் கவுண்டர் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் மஞ்சளைக் குழைத்து அப்பியிருந்தது. காற்று இன்னும் அடங்கவில்லை. அங்கப்பன் புளியம் விளாறுகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவந்து கட்டிலடியில் வைத்தான். வளவு ஆட்கள் புளியமரத்துக்கு அப்பால் கும்பலாக நின்றார்கள். அங்கப்பன் குற்றத்தைச் சொன்னான். கவுண்டர் ஆரம்பிக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

பாலுசாமி எழுந்தான்.

"மச்சான், ஒரு வார்த்தைங்க."

"சொல்லுங்க மாப்ளே."

"அவன் வேணும்னு வரலைங்க. பிரேக்குப் புடிக்கலைங்க. கட்டை தேஞ்சு இரும்பு தெரியுதுங்க."

"தேஞ்ச கட்டையோட எதுக்கு ஏறுனான்?" என்றான் அங்கப்பன். "அதுவுந் திமிருதான?"

"தேஞ்சது அவனாலயில்லீங்க," என்றான் பாலுசாமி. சொல்லியாயிற்று. இனித் திரும்ப முடியாது. "என்னாலைங்க. ஒயரு உறையை நாலு விரற்கடை குட்டையா வெட்டிப்போட்டனுங்க. அது இழுத்துக்கிட்டே இருந்து கட்டையத் தின்னுபோட்டுதுங்க. வண்டி கனமாப் போகுதுன்னு அவன் வந்து சொன்னானுங்க. நாந்தான் எதிர்க்காத்துன்னு அனுப்பிச்சுட்டனுங்க."

கூட்டம் சலசலத்தது. கவுண்டர் கையமர்த்தினார்.

"ஓட்டிப் பாக்காம நீங்க ஒரு வண்டியும் உடமாட்டீங்களே மாப்ளே?"

"அவன் உக்கார்ற சீட்டுங்க. அதனால ஏறலைங்க."

அவமானத்தோடுதான் சொன்னான். தன் தப்பிலேயே பெரிய தப்பு அதுதான் என்று மத்தியானத்திலிருந்து அவன் மனசு அவனை அறுத்துக்கொண்டிருந்தது. ஆனால் கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. அது செரிதானுங்களே, அதுல எப்படிங்க ஏர்றது என்றார் கவுண்டர்.

அங்கப்பன் விடுகிறதாக இல்லை. மாப்பிள்ளைக்கு இளகின மனசு, பண்ணையாள் பெண்டாட்டி கடைக்கு வந்து அழுததை ஊரே பார்த்தது, அதற்காக ஒரு கதை சொல்கிறார் என்றான். பிரேக் இல்லாவிட்டால் காலை ஊன்றி நிறுத்த முடியாதா, இரண்டு கால் இல்லையா அவனுக்கு என்று கேட்டான். அந்த இறக்கத்தில் வண்டி நிற்காது என்பதை எவன் கண்டான்? கூட்டம் அங்கப்பன் பக்கம் சாய்ந்தது. அங்கப்பன் குனிந்து ஒரு விளாறை எடுத்து உதறினான். தண்ணீர் தெறித்தது.

பாலுசாமி சாவடிச் சுவரிலிருந்து சைக்கிளை எடுத்தான். தள்ளிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டி மேட்டை நோக்கி நடந்தான். எங்க போறீங்க என்று யாரோ கேட்டார்கள். மேட்டுக்குப் போய்ச் சேரும் வரை அவன் திரும்பவில்லை.

ஏரிக்கரை மேலே காற்று வேட்டியைப் பிடுங்கிற்று. கீழே வீதி முழுக்க முகங்கள். சீட்டைப் பார்த்தான். தோல் தேய்ந்து, நடுவில் குழிந்து, ஓர் ஆளின் உடம்பு வாகுக்கு வந்திருந்தது. அவனுக்குக் குமட்டிற்று. ஆமாம், அந்த நேரத்திலும் குமட்டிற்று. நாற்பது வருசத்து வளர்ப்பு ஒரு மத்தியானத்தில் போய்விடுமா? கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

முதல் பத்தடி மெதுவாகத்தான் போயிற்று. பிறகு காற்று முதுகில் கையை வைத்தது. பாதி இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினான். கைப்பிடி சும்மா வந்து ஹேண்டில் பாரோடு ஒட்டிக்கொண்டது. இரும்பு ரிம்மில் கிறீச்சிட்டது, வேகம் துளியும் குறையவில்லை. இரண்டு காலையும் ஊன்றினான். வலது செருப்பின் வார் அறுந்து எங்கோ போயிற்று. பாதம் சரளையில் இழுபட்டு எரிந்தது. வலியில் காலைத் தூக்கினான், அந்த இடைவெளியில் வண்டி இன்னும் பாய்ந்தது. எல்லைக்கல் பக்கத்தில் வந்து பின்னால் போயிற்று. வழி உடுங்க, வழி உடுங்க என்று கத்தினான். கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் சிதறினார்கள். அங்கப்பன் விளாறோடு வேலிமேல் சாய்ந்தான். கவுண்டர் பிழைத்தோம் என்று தட்டுத்தடுமாறி ஒதுங்கியதை ஒரு கண்ணால் பார்த்தான். அதற்குப் பிறகு கல்தொட்டிதான்.

விழுந்ததும் வலது மணிக்கட்டு மடிந்து கீழே மாட்டிக்கொண்டது. உள்ளே என்னவோ மளுக்கென்றது.

ஐயோ மாப்ளே என்று திருமலைசாமிக் கவுண்டர் ஓடி வந்தார். ஊரே ஓடி வந்தது. ஒருத்தர் தலையை மடியில் எடுத்து வைத்தார். ஒருத்தர் துண்டால் விசிறினார். தண்ணி, தண்ணி என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. மூன்று சொம்புகள் வந்தன. தெய்வாத்தாள் தலைவிரிகோலமாக வந்து சேர்ந்தாள். கை ஒன்றுதான் உடைந்திருக்கிறது, உயிருக்குக் குற்றமில்லை என்று தெரிந்ததும் கவுண்டருக்கு முதலில் பெருமூச்சு வந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

"நெசமாலுமே நிக்கலையே மாப்ளே! அந்தச் சனியன் நிக்கவே இல்லையே!"

கூட்டமும் சிரித்தது. அங்கப்பன்கூட வேலி முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சிரித்தான். அதோடு பஞ்சாயத்து முடிந்தது. மாசாணத்தை அவிழ்த்து விடுங்கடா என்றார் கவுண்டர். ஆனால் அந்தச் சைக்கிள் இனி ஊருக்குள் வரக்கூடாது, தள்ளிக்கொண்டும் வரக்கூடாது, ஏரி மேட்டிலேயே போட்டுவிட்டு நடந்து வரட்டும் என்றும் சொன்னார். மாப்பிள்ளை தலைக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு வீட்டுக்குள் போனால் போதும் என்றார். போகும்போது தங்கச்சியைக் கூப்பிட்டு, காதுகுத்துக்கு ஆவணி பன்னிரண்டு நல்ல நாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலுசாமி எது எதையெல்லாம் இழக்கப்போகிறோம் என்று மத்தியானம் முழுக்கச் செத்தானோ, அதில் ஒன்றும் போகவில்லை. தெய்வாத்தாள் வெந்நீர் ஊற்றும்போது மாரியாத்தாளைக் கும்பிட்டாள். தான் பெரிய காரியம் செய்துவிட்டதாகவே அவனுக்கும் தோன்றியது. கை வலியிலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

நாலாம் நாள் காலை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய கையோடு கடையில் உட்கார்ந்திருந்தான். மாசாணமும் பழனியாத்தாளும் பிள்ளையோடு வந்தார்கள். சைக்கிள் கேரியரில் பாயும் கூடையும் சட்டி பானையும் கட்டியிருந்தது. மதுக்கரைக்கே போய்விடுவதாகவும், கல் குழிக்குப் பக்கத்தில் குடிசை போட ஓரிடம் பார்த்திருப்பதாகவும் மாசாணம் சொன்னான். பிரேக்கை மட்டும் சரி செய்துகொண்டு போகலாம் என்று வந்தானாம்.

ஒற்றைக் கையால் பாலுசாமியால் ஆகாது. அவன் சொல்லச் சொல்ல மாசாணமே செய்தான். புதுக் கட்டை வைத்தான். புது உறையைத் தாராளமாக வளைத்து அளந்து வெட்டினான். முனையை அரத்தால் தேய்த்துத் தேய்த்து மழுக்கினான். பித்தளைத் தொப்பியைத் தகரடப்பாவில் தேடி எடுத்து ஏற்றினான். ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் திருப்பி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். எங்கும் உரசவில்லை.

பாலுசாமி நாலு நாளாகச் சொல்ல வைத்திருந்ததைச் சொன்னான்.

"தப்பு என்னோடதுதான் மாசாணம். ஊரு முன்னால நானே சொல்லியும் போட்டேன். ஏறியுங் காட்டிப்போட்டேன்."

"ஆமாங்க சாமி. நீங்க சொன்னதாலதான் முதுகு தப்பிச்சுது." மாசாணம் அரத்தைத் துடைத்து அவனருகில் வைத்தான். "ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அதே எறக்கம், அதே வண்டி, அதே தொட்டிங்க. நான் உழுந்தப்பக் கவுறு கொண்டாந்தாங்க. நீங்க உழுந்தப்பத் தண்ணி கொண்டாந்தாங்க. எல்லாத்துக்கும் பிரேக்குத்தான் காரணம்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு வெளங்கலைங்க."

குத்தலாகக் கேட்கவில்லை. விளங்காததைக் கேட்கிறவன் குரலில்தான் கேட்டான். பாலுசாமி அந்த அரத்தை எடுத்துத் தகரடப்பாவில் போட்டான். மாசாணம் வண்டியை ரோட்டில் இறக்கினான். பழனியாத்தாள் சாமான் சரிகிறதா என்று கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, வெயிலுக்கு முந்திப் போயிரலாமுங்க என்றாள்.